மார்ச்சில் அம்மாவோடு சீனா: ச்சுவான்ஜோ போகலாமா?

மன்னை_கவிதா · ஜனவரி 11
எல்லோருக்கும் வணக்கம். மார்ச் நடுவில் எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைக்கிறது. அம்மாவை ஒரு வெளிநாடு கூட்டிப்போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவருக்கு 64 வயது, நன்றாக நடப்பார், சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். சீனா என்றதும் உறவுக்காரர்கள் எல்லோரும் பெய்ஜிங், பெருஞ்சுவர், ஷாங்காய் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கோ ஃபூஜியன் கடற்கரையில் இருக்கும் ச்சுவான்ஜோமேல் ஒரு கண். தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர், பழைய துறைமுகம் என்று படித்திருக்கிறேன். ஆனால் போய்வந்த தமிழர் யாரையும் எனக்குத் தெரியாது. மார்ச்சில் குளிருமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, எத்தனை நாள் வேண்டும்? போனவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்_பின்னலாடை · ஜனவரி 11
முதலில் ஒரு எச்சரிக்கை, இதில் நான் பட்டிருக்கிறேன். ச்சுவான்ஜோ வேறு, குவாங்ஜோ வேறு. ஆங்கிலத்தில் முன்னது க்யூ எழுத்தில் தொடங்கும், பின்னது ஜி எழுத்தில். தமிழில் சில பேர் இரண்டையுமே குவாங்சோ, குவான்சோ என்று எழுதிவைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 2018ல் எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அறையை ஓர் ஊரிலும் ரயிலை இன்னோர் ஊருக்கும் பதிந்துவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் நின்றுகொண்டுதான் கண்டுபிடித்தேன். அம்மாவோடு போகிறவர் சீன எழுத்தில் ஊர்ப்பெயரைப் போனில் சேமித்து, டிக்கெட்டிலும் அறைப் பதிவிலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கம் ஷிஷி, ஜின்ஜியாங் இரண்டும் எங்கள் தொழிலுக்குப் பெரிய ஊர்கள், ஒன்று ஆயத்த ஆடை, இன்னொன்று ஷூ. இரண்டுமே ச்சுவான்ஜோ மாநகர எல்லைக்குள்தான் வரும். அதனால் நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் என் ஓட்டு ஹாங்ஜோவுக்குத்தான். மார்ச் கடைசியில் மேற்கு ஏரி ஓரமாக வில்லோ மரம் துளிர்த்திருக்கும், நடுவில் பீச் பூக்கும், சூ தொங்போ என்ற பழைய கவிஞர் காலத்துக் கரைமேல் காலாற நடக்கலாம், லோங்ஜிங் கிராமத்தில் புதுத் தேயிலை பறிப்பதைப் பார்க்கலாம். எல்லாமே கண்ணுக்கு நேராக இருக்கும். ச்சுவான்ஜோ அப்படி இல்லை, தேடித் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்.

பிடோக்_வாசி · ஜனவரி 12
கவிதா, தயங்காமல் போங்க. நான் மூன்று முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை மார்ச்சில். திருப்பூர் அண்ணன் ஹாங்ஜோ பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அங்கே நம் அம்மாமார் அழகான படம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வருவார்கள். ச்சுவான்ஜோவில் ஒவ்வொரு தெருவிலும் நின்று, இது நம்ம வீட்டு விஷயமாச்சே என்று கேட்பார்கள். என் அம்மா கேட்டார். கோயில் வாசலில் ஊதுபத்திக் கட்டு விற்கும் பாட்டி, வீட்டு வாசலில் சாமிக்குப் பழம் வைத்துக் கும்பிடுகிறவர்கள், கடலுக்குப் போனவர்களைக் காப்பாற்றுகிற மாட்சு அம்மன் கோயிலில் முட்டி போட்டு வேண்டிக்கொள்ளும் பெண்கள், எதற்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாட்கணக்கு: ஐந்து நாள் கொடுங்கள், அதற்குக் குறைத்தால் வீண். நிறைய பேர் பக்கத்து நகரமான ஷியாமெனில் தங்கி ஒரே நாளில் போய் இரட்டைக் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை. 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்தபோது தனி ஒரு கட்டடத்தையா சேர்த்தார்கள்? கோயில், மசூதி, பாலம், துறைமுகம், சூளை என்று 22 இடங்களைச் சேர்த்துத்தான் ஒரே பெயரில் போட்டார்கள். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில், அதாவது பத்திலிருந்து பதினான்காம் நூற்றாண்டுவரை, உலகமே வந்து இறங்கிய துறைமுகம் இது, அரபிக்காரர்கள் ஜைத்தூன் என்றார்கள்.

முதல் நாள் காய்யுவான் என்ற பௌத்தக் கோயில். 686ல் தொடங்கியது. முன்வாசலில் நின்று இரட்டைக் கற்கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அங்கே தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள் மட்டும் மற்றவை போல இருக்காது, பதினாறு பட்டை, கருத்த கல். கிட்டப் போனால் வட்ட வட்டமாகச் செதுக்கல். ஒன்றில் நரசிம்மர் மடியில் இரணியன். இன்னொன்றில் உரலில் கட்டிய குட்டிக் கண்ணன் இரண்டு மருத மரத்துக்கு நடுவில் இழுத்துக்கொண்டு போகிறான். அடுத்து வந்த மிங் வம்ச காலத்தில் மண்டபத்தைப் பழுது பார்த்தபோது, இடிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் கல்லை எடுத்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். என் அம்மா அந்தக் கண்ணனைப் பார்த்து, "இங்கயா இருக்கே நீ?" என்றார், அப்புறம் பத்து நிமிஷம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மண்டபத்துக்கு முன்னால் மேடையின் அடிப்பகுதியையும் குனிந்து பாருங்கள், சிங்க உடம்பும் மனித முகமுமாக வரிசையாக இருக்கும். மழைக்காலத்தில் அந்தக் கல் ஈரமாகிச் செதுக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சோழமண்டலம்77 · ஜனவரி 12
ராஜராஜ சோழன் சீனாவில் கட்டிய சிவன் கோயில் இதுதானே! குப்ளாய் கானே வந்து கும்பிட்டதாக வாட்ஸப்பில் வந்தது. ஒவ்வொரு தமிழனும் ஒரு தடவையாவது போக வேண்டிய இடம்.

கல்வெட்டு_வாசகி · ஜனவரி 12
போக வேண்டிய இடம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மற்றது சரியில்லை சார். அந்தக் கல்வெட்டின் ஆண்டு சகம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. ராஜராஜன் இறந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சோழ அரசே 1279 வாக்கில் முடிந்துபோனது. அப்போது நம் பக்கம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். கட்டியதும் அரசன் இல்லை, சம்பந்தப் பெருமாள் என்பவர் எழுந்தருளுவித்ததாகக் கல்லிலேயே இருக்கிறது. அப்போது சீனாவை ஆண்ட மங்கோலிய அரசர் குப்ளாய் கானைச் செகசை கான் என்று சொல்லி, அவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று சாமிக்குத் திருக்கானீச்சுரம் உடைய நாயனார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதி, கடைசி வரியைச் சீனத்தில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் மனசைத் தொடுவதே அந்தப் பெயர்தான். வணிகம் செய்து பிழைக்கப் போன தமிழர்கள் அந்த ஊரின் அரசனுடைய பட்டத்தையே எடுத்துச் சிவனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். படை எடுத்துப் போய்க் கட்டியதாகச் சொல்லிவிட்டால் அந்த வணிகர்களின் சாமர்த்தியமும் பயமும் நன்றியும் நமக்குத் தெரியாமலே போய்விடும். சோழர்கள் சீனாவுக்குத் தூது அனுப்பியது உண்மை. 1015, 1033, 1077 என்று சீனப் பதிவுகளிலேயே இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பாமல் இருந்தால் போதும்.

சோழமண்டலம்77 · ஜனவரி 12
நன்றி அம்மா. வந்த செய்தியை அப்படியே நம்பிவிட்டேன். திருக்கானீச்சுரம் என்ற பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

யாழ்_சுதன் · ஜனவரி 13
இந்தக் கதையின் மறுபக்கம் எங்கட நாட்டில இருக்கு. கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு மும்மொழிக் கல் நிற்கிறது, சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டு என்று தேதியிட்டது, சீனத் தளபதி செங் ஹவின் கப்பல்படை கொண்டுவந்தது, 1911ல் காலி நகரத்தில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கும் தமிழில் தென்னாவர நாயனார் என்ற விஷ்ணுவுக்கும் காணிக்கை எழுதியிருக்கும். ச்சுவான்ஜோவில் எங்கட ஆட்கள் தமிழில் எழுதினார்கள், இங்கே அவர்கள் தமிழில் எழுதினார்கள்.

இன்னொன்று. அங்கே ஜியூரி மலை என்று ஒன்று இருக்கு, அதிகம் பேர் போறதில்லை. கப்பல் புறப்பட முன்னம் அதிகாரிகள் அங்கே போய்க் காற்றுக்கு வேண்டுதல் செய்து, பாறையில் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். வாடையில் தெற்கே போய், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றைப் பிடித்துத் திரும்ப வருவது. எங்கட கடற்றொழில் ஆட்களுக்கும் இந்த இரண்டு சொல்லும்தான் நாட்காட்டி. மார்ச்சில் போறவர்களுக்கு வாடை ஓய்கிற காலம்.

ஃபூஜியன்_டாக்டர் · ஜனவரி 13
அந்த மாகாணத்தில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவன் என்ற முறையில் மார்ச் வானிலையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், யாரும் இதுவரை சொல்லவில்லை. வெப்பநிலையைப் பார்த்தால் பயமே இருக்காது, பகலில் 17, 18, இரவில் 11, 12. பிரச்சினை ஈரம். ஹுய் நான் தியன் என்பார்கள், தெற்குக் காற்று திரும்பும் நாட்கள். சில நாள் குளிர்ந்து கிடந்த சுவர்மேலும் தரைமேலும் திடீரென்று கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து படும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்குமே, அதே மாதிரி வீடே வியர்க்கும். கண்ணாடியில் கோடு கோடாக வழியும். படிக்கட்டு வழுக்கும், 64 வயதுக்காரரோடு போகும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். துவைத்த சாக்ஸ் மூன்று நாளானாலும் காயாது.

அந்த நாட்களில் காற்றோட்டத்துக்கு என்று ஜன்னலைத் திறக்காதீர்கள், இன்னும் மோசமாகும். சாத்திவிட்டு ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் வையுங்கள். அம்மாவுக்குப் பருத்திப் புடவை காயாது, சல்வார் அல்லது சிந்தெடிக் புடவை நல்லது. ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கிற செருப்பு, சாக்ஸ் நாலு ஜோடி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், குடை. எல்லா நாளும் இப்படி இருக்காது, நடுவில் இரண்டு நாள் பளிச்சென்று வெயில் வரும், அப்போது ஊரே மெத்தையையும் போர்வையையும் தூக்கி வெளியே போடும்.

சாப்பாடு. சைவம் என்பதற்கு "வோ ச்சிர் சூ" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் காய்கறி வறுவலில் பன்றிக் கொழுப்பும் சிப்பியும் சர்வசாதாரணம். ஊரின் பெயர்பெற்ற காலை உணவு மியன் சியன் ஹூ, சேமியாவைக் குழைய வேகவைத்த கஞ்சி, பார்க்கச் சாதுவாக இருக்கும், சாறு மட்டும் கடல் உணவு. ஏமாந்துவிடாதீர்கள். கோயில்களை ஒட்டிப் பௌத்தச் சைவ உணவகங்கள் இருக்கின்றன, அங்கே பூண்டு வெங்காயம்கூட இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். தெருவில் வேர்க்கடலையை வெண்ணெய்போல் வேகவைத்த இனிப்புச் சூப் கிடைக்கும், முட்டை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஷிர் ஹுவா காவ் என்று தேன் ஊற்றித் தரும் ஒரு பதார்த்தம் வேறொன்றும் இல்லை, நம்ம ரம்ஜான் மாதக் கடல்பாசியேதான்.

பிடோக்_வாசி · ஜனவரி 13
டாக்டர் தம்பி சொன்ன ஈரம் உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்த ஊரைப் பார்க்க அதுதான் காலம் என்பேன். காரணம் ஒரு மரம். ஜைத்தூன் என்ற பெயரே ச்சிர்தோங் என்ற மரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஊரை விரிவாக்கிய லியூ சோங்சியாவ் மதிலைச் சுற்றி அந்த மரத்தை நட்டாராம். வசந்தம் தொடங்கும்போது இலை இல்லாமல் செக்கச்செவேலென்று பூக்கும். இன்றைக்கும் ஊர் மரம் அதுதான். தமிழில் என்ன பெயர் என்று யாருக்காவது தெரியுமா?

தாண்டிக்குடி_மிளகு · ஜனவரி 14
படம் தேடிப் பார்த்தேன். அட, இது நம்ம கல்யாண முருங்கைங்க! முள்முருங்கை, முருக்கு என்றும் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றுவதற்கே இதைத்தான் நடுவோம், போத்து வெட்டி ஊன்றினால் போதும், வந்துவிடும். சளி பிடித்தால் இலையை அரிசியோடு அரைத்து அடை. 2005க்கு அப்புறம் ஒரு பொடிக்குளவி வந்து இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி நிறைய மரம் செத்துப்போனது, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரியும்.

மார்க்கோ போலோ சொன்னதைப் படித்திருக்கிறேன்: அலெக்ஸாந்திரியாவுக்கு மிளகு ஏற்றி ஒரு கப்பல் போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் போகும் என்று. மிளகு போய் இறங்கிய துறைமுகத்துக்கு, மிளகு ஏறுகிற மரத்தின் பெயரா! எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது.

கல்வெட்டு_வாசகி · ஜனவரி 14
அண்ணா, மிளகையே அங்கே பார்க்கலாம். 1974ல் ச்சுவான்ஜோ விரிகுடாச் சேற்றிலிருந்து சோங் காலக் கப்பல் ஒன்றை எடுத்தார்கள். மிஞ்சியிருக்கும் நீளமே 24 மீட்டர், உள்ளே 13 அறைகள், ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றதற்குப் போகாது. வாசனைக் கட்டைகளும் சாம்பிராணியும் மிளகும் அதற்குள் இருந்தன. காய்யுவான் கோயில் வளாகத்திலேயே அதற்கு ஒரு கூடம் உண்டு. கவிதா, தூண்களைப் பார்த்த கையோடு அங்கேயும் போங்கள். கடல்சார் அருங்காட்சியகம் தனி, அங்கே யானை சிவலிங்கத்தை வணங்கும் கல் இருக்கிறது. திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

திருப்பூர்_பின்னலாடை · ஜனவரி 14
என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். நாலு தடவை போயும் ஷோரூமும் ஹோட்டலும் தவிர எதையும் பார்க்காமல் வந்திருக்கிறேன். சாட்டின் என்ற துணியின் பெயரே ஜைத்தூனிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், அந்த ஒன்று மட்டும் தொழில் வழியாகத் தெரியும்.

நடைமுறைக்குச் சில. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம், சிங்கப்பூர்க்காரர்களுக்குத்தான் 2024லிருந்து விசா இல்லாமல் 30 நாள் தங்கும் சலுகை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் போய் அங்கிருந்து ஷியாமென், அப்புறம் ரயிலில் அரை மணி நேரம்தான். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் நம் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள், இளநீர்க்காரர்வரை க்யூஆர்தான். பவர் பேங்க்கில் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாவிட்டால் அங்கே உள்நாட்டு விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

மன்னை_கவிதா · ஜனவரி 14
டிக்கெட் போட்டாச்சு! ஊர்ப்பெயரை மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன் அண்ணா. விளக்குத் திருவிழா கிடைக்குமா?

ஃபூஜியன்_டாக்டர் · ஜனவரி 15
கிடைக்காது, அது இந்த வருஷம் மார்ச் 3. சீனப் புத்தாண்டுக்கு அப்புறம் வரும் முதல் பௌர்ணமி, நமக்குத் தைப்பூசமோ மாசி மகமோ வருகிற அதே நிலா. அன்றைக்கு அங்கே அறையே கிடைக்காது, அம்மாவோடு அந்தக் கூட்டம் வேண்டாம். அதற்குப் பதிலாக ஷுன்பூ போங்கள். ஊர் எல்லையில் மீனவர் குடியிருப்பு, பழைய வீடுகளின் சுவரில் சிப்பி ஓடுகள் அடுக்கியிருக்கும். அங்கே பெண்கள் கொண்டை போட்டு, எலும்புக் குச்சி செருகி, சுற்றிலும் வட்ட வட்டமாகப் பூச்சரம் வைப்பார்கள். எண்பது வயதுப் பாட்டியும் அப்படியேதான் மீன் விற்பார். இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கும் கடையில் வைத்துவிடுகிறார்கள்.

மன்னை_கவிதா · மார்ச் 27
போய்விட்டுத் திரும்பியாச்சு. எல்லோருக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பயணம் போகும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆறு நாளில் மூன்று நாள் வீடு வியர்க்கும் வானிலை. சாக்ஸ் அறிவுரை எங்களைக் காப்பாற்றியது. ஒருநாள் லுவோயாங் பாலத்துக்குப் போனோம், ஆயிரம் வருஷத்துக்கு முன் அடிக்கற்களில் சிப்பியை வளரவிட்டு அதையே பசையாக ஆக்கிய பாலம், அலை வற்றியிருந்ததால் கற்களில் சிப்பி அப்பியிருந்ததை அம்மா குனிந்து பார்த்தார். கல் வழுக்கியது, கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் நான்யின் என்கிற அந்த ஊர்ப் பழைய இசையைக் கேட்டோம், பீப்பா என்ற தந்தி வாத்தியத்தை வீணை மாதிரி மடியில் கிடத்தி வாசிக்கிறார்கள்.

மரத்தை நான் தேடிக்கொண்டே இருந்தேன், முதலில் கண்டுபிடித்தது அம்மா. நான் அவரிடம் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. சாலையோரம் ஒரு மரம், இலையே இல்லை, பட்டையில் குட்டிக் குட்டி முள், உச்சியில் மட்டும் கொத்தாகச் சிவப்பு. "கல்யாண முருங்கை. நம்ம கொல்லையிலே உங்க அப்பா வெச்சது" என்றார். அந்த மரம் விழுந்து இருபது வருஷம் இருக்கும், எனக்கு அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைசி நாள் ஷுன்பூ. அப்பா போன ஒன்பது வருஷமாக அம்மா பூ வைத்ததில்லை. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். அங்கே நான் மட்டும் கொண்டை போட்டுக்கொள்ள உட்கார்ந்தேன், அம்மா பக்கத்து முக்காலியில். கடைக்காரப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், அவர் தலையிலேயே மூன்று சுற்றுப் பூ. எனக்கு வைத்து முடித்ததும் திரும்பி அம்மாவின் கூந்தலை அவிழ்க்கப் போனார். அம்மா கையை ஆட்டி வேண்டாம் என்றார். பாட்டி ஏதோ சொன்னார், போனை எடுத்து மொழிபெயர்க்க எனக்குக் கை ஓடவில்லை. பிறகு மல்லிகை மொட்டுபோல் இருந்த சரத்திலிருந்து ஒரு விரற்கடை அளவு கிள்ளி அம்மா உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதை முகர்ந்துகொண்டே இருந்தார். நான் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அது அவர் கொண்டையில் இருந்தது, அவரே வைத்துக்கொண்டார். பாட்டி அதற்குக் காசு வாங்கவில்லை. ரயிலில் ஷியாமென் வரும்வரை எடுக்கவில்லை.

பிடோக்_வாசி · மார்ச் 27
இரண்டு தடவை படித்துவிட்டேன் கவிதா. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். தூணில் கண்ணனைப் பார்த்தாரா?

மன்னை_கவிதா · மார்ச் 27
பார்த்தார். இரண்டாவது நாளும் போகணும் என்றார், போனோம். அன்றைக்கு மழை, நீங்கள் சொன்ன மாதிரியே கல் கருத்துப்போய் உரலில் கட்டிய கயிறுவரை தெரிந்தது.